ஒரே நிறுவனமா, பல நிறுவனங்களா? வலையமைப்புக் கருவிகள் குறித்த அரை நூற்றாண்டு விவாதம்

ரவுட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால், வைஃபை கருவிகள், அலைபேசிக் கோபுரத்தின் ரேடியோ என ஒரு வலையமைப்புக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் வாங்குவதா, பலரிடம் பிரித்து வாங்குவதா? வங்கியோ பல்கலைக்கழகமோ தொலைத்தொடர்பு நிறுவனமோ, டெண்டர் எழுத உட்காரும் எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. விடைகளுக்குக் குறைவில்லை. இருந்தும் ஒவ்வொரு தலைமுறைப் பொறியாளரும் விவாதத்தை ஏறத்தாழ முதலிலிருந்து தொடங்குகிறார்கள். விடை சொன்னவர்களில் கணிசமானோர் ஏதோ ஒரு பக்கத்தில் பொருள் விற்பவர்களாகவும் இருந்தது இதற்கு முக்கியக் காரணம்.

நிலைப்பாடுகள் பெரும்பாலும் நான்குக்குள் அடங்கும். எல்லாம் ஒருவரிடமே என்பது முதலாவது. ஒவ்வொரு வேலைக்கும் அதில் சிறந்தவரிடம் என்பது இரண்டாவது. அளவோடு இருவரிடம் மட்டும் என்பது மூன்றாவது. பெட்டியையும் அதற்குள் ஓடும் மென்பொருளையும் தனித்தனியாக வாங்கி, நிறுவனச் சார்பையே குறைத்துவிடலாம் என்பது நான்காவது, வயதில் இளையது. நான்கிலும் உண்மை உண்டு. ஆனால் நான்குமே பெயர்ப்பலகைகளின் எண்ணிக்கையில்தான் கண் வைக்கின்றன. எல்லைக்கோடு எங்கே போடப்படுகிறது, கோட்டுக்கு இருபுறமும் பொதுவாக எது எஞ்சுகிறது என்ற கேள்விகளுக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது இந்தக் கட்டுரையின் மதிப்பீடு.

தேர்வே இல்லாதிருந்த காலம்

தொடக்கத்தில் இது ஒரு தேர்வாகவே இருக்கவில்லை. அமெரிக்காவில் பெல் தொலைபேசி அமைப்பின் இணைப்பில் பிறர் தயாரித்த கருவியைப் பொருத்தும் உரிமை, 1968இல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் மத்திய தகவல்தொடர்பு ஆணையம் முடிவு சொன்ன பிறகே உறுதியானது. கணினி உலகிலும் இதே நிலைமைதான். ஐ.பி.எம். 1974இல் எஸ்.என்.ஏ. என்ற தன் வலையமைப்புக் கட்டமைப்பை அறிவித்தது. அடுத்த ஆண்டே டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் டெக்நெட் வந்தது. கணினியை யாரிடம் வாங்கினோமோ அவர்களிடமே வலையமைப்பும் வாங்க வேண்டியிருந்தது. ஐ.பி.எம். வாங்கியதற்காக யாருக்கும் வேலை போனதில்லை என்ற பேச்சு அந்தக் காலத்தின் மனநிலையைக் காட்டுகிறது. கோளாறு வந்தாலும் வாங்கியவர் மேல் பழி விழாது.

இதற்கு இரண்டு திசைகளிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. பன்னாட்டுத் தரநிலை அமைப்பு 1984இல் வெளியிட்ட ஓ.எஸ்.ஐ. மாதிரி ஒன்று. எல்லாருக்கும் பொதுவான அடுக்குகளை முதலில் காகிதத்தில் வரையறுத்துவிட்டால் கருவிகள் தாமாக ஒத்துப்போகும் என்பது அதன் நம்பிக்கை. மற்றொன்று, 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் ஏற்றுக்கொண்ட டி.சி.பி./ஐ.பி. அதன் வழி வேறு: முதலில் இயங்கும் மென்பொருள், பிறகு ஆவணம். 1988இல் தொடங்கிய இன்டராப் கண்காட்சியில் போட்டி நிறுவனங்கள் தங்கள் பெட்டிகளை ஒரே வலையமைப்பில் இணைத்து ஓட்டிக்காட்ட வேண்டியிருந்தது. 1989 ஜனவரியில் ஆஸ்டின் நகரில் நடந்த இணையப் பொறியியல் பணிக்குழுக் கூட்டத்தின்போது, சிஸ்கோவின் கிர்க் லாஹீடும் ஐ.பி.எம்.மின் யாகோவ் ரெக்டரும் சாப்பாட்டு மேசைக் காகிதங்களில் ஒரு நெறிமுறையின் வரைவை எழுதினார்கள். இணையத்தின் பெரிய வலையமைப்புகளை இன்றும் ஒன்றோடொன்று பிணைக்கும் பி.ஜி.பி. அதுதான். இரண்டு நிறுவனங்களின் பொறியாளர்கள் சேர்ந்து எழுதியது என்பது தற்செயல் அல்ல. வேறு வேறு கருவிகள் பேசிக்கொண்டாக வேண்டும் என்பதே அதன் பிறப்புக் காரணம்.

இந்த மனப்பாங்கு பிறகு விதியாகவும் ஆனது. ஒரு நெறிமுறை தரநிலைப் படியில் மேலேற வேண்டுமானால், தனித்தனியாக எழுதப்பட்டு ஒன்றோடொன்று ஒத்தியங்கும் இரண்டு செயலாக்கங்களாவது இருக்க வேண்டும் என்று 1996இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2026 என்ற இணையத் தரநிலை ஆவணம் கூறியது. ஆகவே பல நிறுவனக் கருவிகள் சேர்ந்து இயங்குவது இணையத்துக்குப் பின்னால் சேர்க்கப்பட்ட வசதி அல்ல. இணையம் எழுந்ததே அதன் மேல்தான். ஒரே நிறுவன வாதத்தை எடைபோடும்போது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆனால் இணையத்துக்குப் பொருந்துவது ஒரு நிறுவனத்தின் உள்வலையமைப்புக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஒருவரிடமே வாங்குவதன் வலு

ஒரே நிறுவன வாதத்தைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்குவது நியாயமல்ல. அதன் வலுவான வடிவம் தொழில்நுட்பத்தைப் பற்றியது அன்று, மனிதர்களைப் பற்றியது. வலையமைப்புகள் பெரும்பாலும் எப்போது விழுகின்றன? பெட்டி தானாகப் பழுதாகும்போது அல்ல. யாராவது எதையாவது மாற்றும்போது. கூகுள் தன் வலையமைப்பில் நேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட பெரிய கோளாறுகளை அலசி 2016இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றில் பெரும் பகுதி ஏதோ ஒரு பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது நிகழ்ந்ததைக் காட்டியது. மாற்றம் செய்யும் கை ஒரே கட்டளை மொழியில் பழகியிருந்தால் பிழை குறையும் என்று எதிர்பார்ப்பது அறிவுக்கு ஒத்ததே.

அதோடு பயிற்சி ஒன்றுதான். ஸ்பேர் பெட்டி ஒரே வகைதான். நள்ளிரவில் சேவை விழும்போது அழைக்க வேண்டிய எண்ணும் ஒன்றுதான். இரண்டு நிறுவனங்கள் இருக்குமிடத்தில் இருவரும் குற்றத்தை அடுத்தவர் பெட்டியின் மேல் தள்ளும் வாய்ப்பு எப்போதும் உண்டு. இரண்டு பொறியாளர்களை வைத்து ஒரு கல்லூரி வளாகத்தையோ நடுத்தர மருத்துவமனையையோ நடத்துபவருக்கு இவை சிறிய விஷயங்கள் அல்ல.

கட்டளை மொழிப் பிழை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு 2009 பிப்ரவரி 16 அன்று நடந்தது நல்ல சான்று. செக் நாட்டின் சூப்ரோநெட் என்ற சிறிய இணையச் சேவை நிறுவனம் மைக்ரோடிக் ரவுட்டர் ஒன்றைப் பயன்படுத்தியது. ஒரு வழித்தடம் பிறருக்கு நீளமாகத் தோன்ற, பி.ஜி.பி.யில் தன் வலையமைப்பு எண்ணைப் பலமுறை சேர்த்து அறிவிப்பது வழக்கம். சிஸ்கோ கருவியில் இதற்கு அந்த எண்ணையே திரும்பத் திரும்ப எழுத வேண்டும். மைக்ரோடிக்கில் எத்தனை முறை என்ற எண்ணிக்கையைக் கொடுக்க வேண்டும். அமைத்தவர் சிஸ்கோ பழக்கத்தில் தன் வலையமைப்பு எண்ணான 47868ஐக் கொடுத்துவிட்டார் என்பதே பின்னர் கிடைத்த விளக்கம். கருவி அதை 256ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டது, மீதி 252. ஆக, ஒரே எண் 252 முறை சேர்க்கப்பட்ட அறிவிப்பு உலகுக்குப் புறப்பட்டது.

இதுவரை கேட்டால் இது ஒரே நிறுவன வாதத்துக்கே சாட்சி. ஆனால் கதையின் மறுபாதியும் உண்டு. அந்த அறிவிப்பு வழியில் இன்னும் சற்று நீண்டு 255ஐத் தாண்டியபோது, பழைய மென்பொருள் ஓடிய சிஸ்கோ ரவுட்டர்களில் ஒரு குறை வெளிப்பட்டு அண்டை இணைப்புகள் அறுந்தன. அந்தக் கருவிகள் உலகெங்கும் நிறைந்திருந்ததால் ஒரு சிறு நிறுவனத்தின் தட்டச்சு பல கண்டங்களில் வழித்தடங்களைக் குலைத்தது. பிழையை உண்டாக்கியது பன்மை. அதைப் பரப்பியது ஒருமை. ஒரே நிகழ்விலிருந்து இரு தரப்பும் தமக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொள்ள முடிவதால்தான் இந்த விவாதம் தீராமல் நீள்கிறது.

ஒரே நிறுவன வாதத்தின் பலவீனங்கள் மூன்று. முதலாவது, சார்பு மெல்ல மெல்ல இறுகுவது. சிஸ்கோவின் ஈ.ஐ.ஜி.ஆர்.பி. என்ற வழித்தட நெறிமுறை பல ஆண்டுகள் அந்த நிறுவனத்தின் கருவிகளுக்கே உரியதாக இருந்தது. அதன் விவரம் ஆர்.எஃப்.சி. 7868 ஆக வெளிவந்தது 2016இல்தான். அதற்குள் அதை நம்பிக் கட்டப்பட்ட உள்வலையமைப்புகளில் இரண்டாவது நிறுவனத்துக்குக் கதவு ஏறத்தாழ மூடியிருந்தது. பொதுவான ஓ.எஸ்.பி.எஃப். 1989 முதலே இருந்தும், தனி நெறிமுறையின் வசதி பலரை ஈர்த்தது. ஒவ்வொரு வசதியும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான தேர்வுதான். கூட்டிப் பார்த்தால் வெளியேற வழியில்லை.

இரண்டாவது, ஒரே மென்பொருள் ஒரே நேரத்தில் விழுவது. 1990 ஜனவரி 15 அன்று ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசிச் சேவை சுமார் 9 மணி நேரம் முடங்கியது. 114 இணைப்பகங்களிலும் ஒரே மென்பொருள், அதில் ஒரே பிழை. ஒன்று விழுந்து எழும்போது அனுப்பிய செய்தி அடுத்ததை வீழ்த்தியது. 28 ஆண்டுகள் கழித்து, 2018 டிசம்பர் 6 அன்று, எரிக்சன் மென்பொருளுக்குள் இருந்த ஒரு சான்றிதழின் காலம் முடிந்தது. பிரிட்டனின் ஓ2 வலையமைப்பில் சுமார் 3.2 கோடிப் பேர் தரவுச் சேவையை இழந்தார்கள். ஜப்பானின் சாஃப்ட்பேங்க் சேவையும் சில மணி நேரம் நின்றது. மாற்றுக் கருவி தயாராக இருந்தாலும் அதற்குள்ளும் அதே சான்றிதழ் இருந்தால் பயனில்லை. நாள்காட்டி எல்லாப் பெட்டிகளிலும் ஒரே நொடியில்தான் புரள்கிறது.

மூன்றாவது, நிறுவனமே இல்லாமல் போவது. நார்டெல் 2009 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. அதன் அலுவலக வலையமைப்புப் பிரிவு அவாயாவுக்குப் போய், 2017இல் எக்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் கைக்கு மாறியது. வாடிக்கையாளர்கள் அங்கேயே நின்றார்கள். வாங்கிய நிறுவனம்தான் அவர்கள் காலடியில் மாறிக்கொண்டே இருந்தது.

பணக் கணக்கு

செலவைப் பற்றிய விவாதத்தில் மிகுதியாகப் பேசப்பட்டது கார்ட்னர் நிறுவனம் 2010 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை. ஒரே நிறுவன வலையமைப்பே சிக்கனம் என்ற நம்பிக்கையை அது மறுத்தது. இரண்டாவது நிறுவனம் ஒன்றைக் கொண்டுவந்தால் ஐந்தாண்டு மொத்தச் செலவு பெரும்பாலோருக்கு 15 முதல் 25 சதவீதமாவது குறையும் என்றது. இதற்கு மாறாக, சிஸ்கோவின் ஆதரவில் டெலாய்ட் தயாரித்த ஆய்வு, பல நிறுவன வலையமைப்புகளின் இயக்கச் செலவையும் இடர்களையும் முன்வைத்தது. கார்ட்னரே ஃபயர்வால் விஷயத்தில் எதிர்த் திசையில் பேசியது: பெரும்பாலான நிறுவனங்களுக்கு ஒரே வகை ஃபயர்வால் போதும், ஊடுருவல்கள் பெரும்பாலும் கருவியின் குறையால் அல்ல, அமைவுப் பிழையால் வருகின்றன என்பது அதன் கருத்து.

இவை ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றினாலும், அளப்பது வேறு வேறு பொருளை. கார்ட்னரின் சேமிப்பு பெருமளவு பேரம் பேசும் வலுவிலிருந்து வருகிறது. விற்பவருக்குப் போட்டியாளர் ஒருவர் வாசலில் நிற்கிறார் என்று தெரிந்தால் விலை இறங்கும். இந்தத் தர்க்கம் வலையமைப்புத் துறையில் பிறந்ததும் அல்ல. ஐ.பி.எம். தன் கணினிகளுக்கான சில்லுகளுக்கு இரண்டாவது தயாரிப்பாளர் வேண்டும் என்று வற்புறுத்தியதன் பின்னணியில்தான் 1982இல் இன்டெலும் ஏ.எம்.டி.யும் ஒப்பந்தம் செய்துகொண்டன. டெலாய்ட் பேசிய செலவோ சம்பளப் பட்டியலில் வருகிறது: கூடுதல் பயிற்சி, கூடுதல் சோதனை, இரண்டு மேலாண்மை மென்பொருள்கள். முதல் தொகை கொள்முதல் பிரிவின் கண்ணுக்குத் தெரியும், இரண்டாவது தெரியாது. ஒரு நிறுவனத்தில் எந்தப் பிரிவின் குரல் ஓங்குகிறதோ அந்த விடையே வெல்வது இதனால்தான்.

பேர வலு பற்றி ஒரு திருத்தம் தேவை. விலையைக் குறைப்பது இரண்டாவது நிறுவனத்தின் பெட்டி அல்ல, அதற்கு மாற முடியும் என்ற நம்பத்தகுந்த நிலை. உள்ளே எல்லாம் பொது நெறிமுறைகளில் ஓடும் ஒரே நிறுவன வலையமைப்பு, மாறவே முடியாதபடி பின்னிக்கிடக்கும் இரு நிறுவன வலையமைப்பைவிடப் பேரத்தில் வலுவாக நிற்கக்கூடும்.

இந்திய அரசுக் கொள்முதலில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. குறைந்த விலை சொன்ன எல்-1 நிறுவனத்துக்கே ஆர்டர் போகும் முறையில், மூன்றாண்டுக்கு ஒரு டெண்டர் விட்டால் மூன்று தலைமுறைக் கருவிகள் மூன்று பெயர்களில் வந்து சேரலாம். யாரும் திட்டமிடாமல் உருவாகும் இந்தப் பன்மை, பேர வலுவையும் தராது, இடரையும் குறைக்காது. பராமரிப்புச் சுமையை மட்டுமே ஏற்றும். பல நிறுவனக் கொள்கையின் எதிர்ப்பாளர்கள் காட்டும் மோசமான எடுத்துக்காட்டுகளில் கணிசமானவை இப்படிக் கொள்கையே இல்லாமல் நேர்ந்தவை என்று ஐயுற இடமிருக்கிறது.

பன்மை பாதுகாக்குமா?

பன்மை ஆதரவாளர்களின் வலுவான வாதம் விலை அன்று, தாங்கும் திறன். 2003 செப்டம்பரில் டான் கீர், புரூஸ் ஷ்னையர் உள்ளிட்ட ஏழு பேர் எழுதிய அறிக்கை இதற்குப் புகழ்பெற்ற வடிவம் தந்தது. ஒரே வகைப் பயிர் விதைத்த நிலத்தில் ஒரு நோய் போதும் என்பதுபோல, உலகின் கணினிகள் ஒரே இயங்குதளத்தில் ஓடுவது தேசப் பாதுகாப்புக்கே இடர் என்றது அது. அறிக்கை வெளியானதைத் தொடர்ந்து கீர் தான் பணியாற்றிய நிறுவனத்தில் வேலையை இழந்தார். இணையத்தின் வேர்ப் பெயர் வழங்கிகளை நடத்துபவர்கள் இதே தர்க்கத்தை நடைமுறையில் கொண்டிருந்தார்கள். ரைப் அமைப்பு நடத்தும் கே வழங்கி 2003இல் பைண்ட் மென்பொருளிலிருந்து என்.எஸ்.டி.க்கு மாறியது. என்.எஸ்.டி. எழுதப்பட்டதன் நோக்கங்களில் ஒன்றே, எல்லாரும் பைண்டையே நம்பியிருக்கும் நிலையைப் போக்குவது.

ஃபிரெட் ஷ்னைடரும் கென் பிர்மனும் 2009இல் இந்த அச்சத்தை அளவோடு பார்க்கச் சொன்னார்கள். தாக்குபவர் குறிவைப்பது அமைவுப் பிழைகளை என்றால் இயங்குதளப் பன்மை அங்கே உதவாது. பன்மைக்காகச் செலவிடும் உழைப்பு அந்தப் பிழைகளைக் கூட்டவும் கூடும்.

இன்னும் ஆழமான மறுப்பு அதற்கும் முந்தையது, பன்மை வாதிகள் போதுமான அளவு எதிர்கொள்ளாதது. 1986இல் ஜான் நைட்டும் நான்சி லெவசனும் ஒரே தேவைக்கு 27 நிரல்களைத் தனித்தனியாக எழுதச் செய்து, பத்து லட்சம் உள்ளீடுகளால் சோதித்தார்கள். நிரல்கள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் தவறியிருந்தால் எத்தனை முறை சேர்ந்து தவறும் என்று கணக்கிட முடியும். உண்மையில் அவை அதைவிட மிக அதிகமாகச் சேர்ந்தே தவறின. கடினமான இடம் எல்லாருக்கும் கடினமாகவே இருந்தது. ஒரே நெறிமுறை ஆவணத்தைப் படித்து எழுதும் இரண்டு ரவுட்டர் நிறுவனங்களுக்கும் இது பொருந்தக்கூடும்.

கணக்கில் வைத்துப் பார்த்தால் இதன் எடை புரியும். ஒவ்வொன்றும் 99.9 சதவீத நேரம் இயங்கும் இரண்டு கருவிகள் இணையாக, ஒன்று போனால் மற்றது என்று நின்றால், அவை முற்றிலும் தனித்தனியே பழுதாகும் பட்சத்தில் ஆண்டுக்குச் சுமார் அரை நிமிடம்தான் சேவை நிற்கும். அதே இரண்டு ஒன்றன் பின் ஒன்றாகத் தொடரில் நின்றால், இரண்டும் இயங்கினால்தான் சேவை. ஆண்டுக்கு 17 மணி நேரத்துக்கும் மேல் இழப்பு. ஒரே ஒரு கருவியாக இருந்தால் இழப்பு 9 மணி நேரத்துக்குள்தான். "நாங்கள் இரண்டு நிறுவனங்களை வைத்திருக்கிறோம்" என்று சொல்லும் பல வலையமைப்புகளில் மையத்தில் ஒருவர், விளிம்பில் மற்றவர் என்ற பிரிவே இருக்கிறது. அது தொடர்ப் பிரிவு. பேரத்துக்கு உதவலாம், திறமைக்கேற்ற தேர்வாகவும் இருக்கலாம். தாங்கும் திறனை அது கூட்டுவதில்லை, குறைக்கிறது. இணைப் பிரிவில் இரண்டு முழுமையான பாதைகள், ஒவ்வொன்றும் வேறு நிறுவனத்தின் கருவிகளால், தேவையானால் முழுச் சுமையையும் தாங்கும் அளவில் கட்டப்பட வேண்டும். செலவு அதிகம் என்பதால் அதைச் செய்பவர்கள் சிலரே.

ராஜர்ஸும் ஆப்டஸும்

இந்த விவாதத்துக்குப் பயன்படும் இரண்டு அண்மை நிகழ்வுகள் அருகருகே வைத்துப் படிக்க வேண்டியவை.

2022 ஜூலை 8 அன்று கனடாவின் ராஜர்ஸ் வலையமைப்பு முழுவதுமாக விழுந்தது. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். நாடெங்கும் இன்டெராக் பணப்பட்டுவாடா நின்றது. அவசர அழைப்புகள் பலருக்குக் கிடைக்கவில்லை. மேம்படுத்தும் பணியின்போது பகிர்மான ரவுட்டர்களில் ஒரு வடிகட்டி நீக்கப்பட, வழித்தடத் தகவல் வெள்ளமாக மையத்துக்குப் பாய்ந்தது. ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ராஜர்ஸ் அளித்த விளக்கத்தில் முக்கியமான ஒன்று இருந்தது. சில நிறுவனங்களின் கருவிகள் தாம் ஏற்கும் வழித்தடங்களுக்குத் தாமே வரம்பு வைக்கின்றன. வேறு சில, அந்தக் கட்டுப்பாடு வலையமைப்பின் வேறிடத்தில் இருக்கும் என்று எண்ணி வடிவமைக்கப்படுகின்றன. இந்த வேறுபாடே முடக்கத்தின் மையத்தில் இருந்தது என்றது நிறுவனம். எல்லைக்கோட்டில் யார் காவல் என்பதை இரு கருவிகளும் வேறு வேறாகப் புரிந்துகொண்டிருந்தன.

2023 நவம்பர் 8 அன்று ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் விழுந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் ஒரு கோடி. அங்கே வரம்பு இருந்தது, அந்த வரம்பே முடக்கியது. வெளிநாட்டு இணைப்பு ஒன்றிலிருந்து வந்த வழித்தட மாற்றங்கள், கருவியோடு வந்த இயல்பு வரம்பைத் தாண்டியதும் சுமார் 90 ரவுட்டர்கள் தம்மைத் தாமே துண்டித்துக்கொண்டன. எல்லாவற்றிலும் ஒரே அமைவு இருந்ததால் எல்லாம் ஒன்றாகவே விலகின.

முதலாவது பன்மையின் தோல்வி, இரண்டாவது ஒருமையின் தோல்வி என்று படிப்பது எளிது. அந்த வாசிப்பு தவறும் அல்ல. ஆனால் அதைவிடப் பயனுள்ள வாசிப்பு ஒன்று இருக்கிறது. இரண்டு இடத்திலும் மையம் ஒன்றாக இருந்தது. வீட்டு இணைப்பு, அலைபேசி, நிறுவனச் சேவை எல்லாம் ஒரே ஐ.பி. மையத்தின் மேல் நின்றன. முடக்கத்துக்குப் பிறகு ராஜர்ஸ் அறிவித்த முக்கிய நடவடிக்கை, கம்பியில்லாச் சேவைக்கும் கம்பிவழிச் சேவைக்கும் மையத்தைத் தனித்தனியாகப் பிரிப்பதுதான். விழும்போது எவ்வளவு விழும் என்பதை அது தீர்மானிக்கிறது. எத்தனை நிறுவனம் என்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது.

தரநிலையைச் சரியாகப் பின்பற்றுவதுகூடச் சில நேரம் காப்பாற்றாது. 2010 ஆகஸ்ட் 27 அன்று ரைப் அமைப்பும் டியூக் பல்கலைக்கழகமும் ஒரு சோதனைக்காக, முறையான ஆனால் பழக்கமில்லாத ஒரு பண்பை பி.ஜி.பி. அறிவிப்பில் சேர்த்து அனுப்பின. சிஸ்கோவின் ஒரு வகை மென்பொருள் அதைச் சிதைத்து அடுத்தவருக்குக் கடத்தியது. சிதைந்த செய்தி வந்தால் இணைப்பைத் துண்டி என்று தரநிலை சொன்னபடி அண்டைக் கருவிகள் துண்டித்தன. விதியைப் பின்பற்றியவர்களே அடிபட்டார்கள். 2015இல் வந்த ஆர்.எஃப்.சி. 7606 அந்த விதியையே திருத்தியது. பல நிறுவனங்கள் சந்திக்கும் இடத்தில்தான் இந்தக் குறை வெளிப்பட்டது. அங்கேதான் அது சீரும் ஆயிற்று.

பெயர்ப்பலகைக்குப் பின்னால்

2017இன் தொடக்கத்தில் இன்டெலின் ஆட்டம் சி2000 வகைச் சில்லுகளில், சில ஆண்டு பயன்பாட்டுக்குப் பின் கருவியை எழவே விடாத ஒரு குறை வெளிவந்தது. அதே நேரத்தில் சிஸ்கோவும், தொடர்ந்து வேறு நிறுவனங்களும் தங்கள் கருவிகளில் கடிகார சமிக்ஞைப் பாகம் ஒன்று குறித்து எச்சரிக்கை விடுத்தன. இரண்டு நிறுவனங்களிடம் பிரித்து வாங்கியவரின் இரண்டு பெட்டிகளிலும் ஒரே பாகம் இருந்திருக்கலாம். தரவு மையச் சுவிட்சுகளில் இது இன்னும் தெளிவு. போட்டி நிறுவனங்களின் பெட்டிகள் பலவற்றில் பிராட்காமின் ஒரே குடும்பச் சில்லுகள்தான் உள்ளே இருக்கின்றன.

நான்காவது நிலைப்பாட்டுக்கு இது சாதகமாகவும் பாதகமாகவும் நிற்கிறது. ஃபேஸ்புக் 2011இல் தொடங்கிய திறந்த கணினித் திட்டமும், மைக்ரோசாஃப்ட் 2016இல் வெளியிட்ட சோனிக் என்ற வலையமைப்பு இயங்குதளமும், உள்ளே ஒரே சில்லுதான் என்றால் பெயர்ப்பலகைக்கு ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று நியாயமாகவே கேட்டன. ஆனால் எல்லாரும் சோனிக்குக்குப் போனால் பழைய ஒருமை பெட்டியிலிருந்து மென்பொருளுக்கு இடம் மாறும். அதை ஏற்று நடத்த மென்பொருள் எழுதத் தெரிந்த குழுவும் வேண்டும். பெருநிறுவனங்களிடம் அது இருக்கிறது. மாவட்டக் கூட்டுறவு வங்கியிடம் இல்லை.

நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்குவதும் இதே விளைவைத் தருகிறது. அல்காடெல்-லூசென்ட் 2016இல் நோக்கியாவுக்குள் போனது. ஹெச்.பி.ஈ. 2024 ஜனவரியில் 1,400 கோடி டாலருக்கு ஜூனிபரை வாங்குவதாக அறிவித்து, 2025 ஜூலையில் முடித்தது. ஹெச்.பி.ஈ.யின் அருபாவையும் ஜூனிபரையும் திட்டமிட்டே இரண்டாக வைத்திருந்தவரிடம் இப்போது இருப்பது ஒரு நிறுவனம்.

நாடு என்ற வாடிக்கையாளர்

அலைபேசித் துறையில் கேள்வி ஒரு நிறுவனத்தின் கையை விட்டு அரசின் மேசைக்குப் போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட 5ஜி பாதுகாப்பு வழிகாட்டி, ஒவ்வொரு சேவை நிறுவனமும் பல தயாரிப்பாளர் உத்தியைக் கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டன், 2027 முடிவுக்குள் ஹுவாவேயின் கருவிகளை 5ஜி வலையமைப்புகளிலிருந்து அகற்ற உத்தரவிட்டது. பாதுகாப்புக்காக ஒருவரை விலக்கினால் பெரும்பாலும் எஞ்சுவது எரிக்சனும் நோக்கியாவும்; பன்மை அந்த அளவுக்குக் குறைகிறது. பிரிட்டன் அரசு இதை உணர்ந்தே, புதிய தயாரிப்பாளர்களை வளர்க்கும் உத்தி ஒன்றையும் அதே ஆண்டு வெளியிட்டது. வெளியேறும் செலவு எவ்வளவு என்பதற்கு அமெரிக்கா கணக்குத் தருகிறது. சிறிய சேவை நிறுவனங்களின் சீனக் கருவிகளை மாற்ற முதலில் ஒதுக்கியது 190 கோடி டாலர். அது போதாமல் 2024 டிசம்பரில் மேலும் 308 கோடி டாலருக்கு வழி செய்தார்கள்.

இந்தியாவில் இரண்டு மாதிரிகளும் கண் முன்னே இருக்கின்றன. ஜியோ 2016இல் தொடங்கியபோது அதன் 4ஜி ரேடியோ வலையமைப்புக்குச் சாம்சங் ஒன்றே. வேகமாக நாடு முழுவதும் விரிய அது உதவியது என்று கருதலாம். ஏர்டெல் நிறுவனமோ, எரிக்சன், நோக்கியா என்று தொலைத்தொடர்பு வட்டவாரியாகப் பிரித்து வந்த மரபை 2022இல் 5ஜிக்கும் தொடர்ந்து, சாம்சங்கையும் சேர்த்துக்கொண்டது. ஜியோவும் 5ஜிக்கு நோக்கியாவையும் எரிக்சனையும் தேர்ந்தது. வட்டவாரிப் பிரிவு தொடரும் அல்ல, இணையும் அல்ல. ஒரு நிறுவனத்தின் மென்பொருள் விழுந்தால் நாடு முழுவதும் விழாது. ஆனால் அந்த வட்டத்தில் இருப்பவருக்கு மாற்று இல்லை. 2021 ஜூன் 15 முதல் நம்பகமான மூலங்களிலிருந்து மட்டுமே புதிய கருவிகள் வாங்கலாம் என்ற விதி இந்தத் தேர்வின் மேல் எல்லையை அரசே வரைவதாக மாற்றியது. பி.எஸ்.என்.எல். 4ஜிக்காக டி.சி.எஸ்., தேஜஸ், சி-டாட் சேர்ந்து உருவாக்கிய உள்நாட்டுத் தொகுப்பு வெளிநாட்டுச் சார்பைக் குறைக்கிறது. ஒற்றைத் தொகுப்பைச் சார்ந்திருப்பதன் இடரை அது எப்படிக் கையாளும் என்பது வரும் ஆண்டுகளில்தான் தெரியும்.

ரேடியோவுக்கும் அதன் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இடையிலான இணைப்பு நெடுங்காலம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிப்பட்டதாகவே இருந்தது. அதைத் திறக்க 2018இல் ஓ-ரான் கூட்டமைப்பு உருவானது. ஜப்பானின் ரகுடென் 2020இல் அந்த வழியில் ஒரு வலையமைப்பைத் தொடங்கிக் காட்டியது. ஆனால் 2023 டிசம்பரில், கூட்டமைப்பைத் தொடங்கிய உறுப்பினர்களில் ஒன்றான ஏ.டி. அண்டு டி., ஐந்தாண்டுகளில் 1,400 கோடி டாலர் வரை மதிப்புள்ள திறந்த ரேடியோ ஒப்பந்தத்தை முதன்மையாக எரிக்சன் ஒருவரிடமே கொடுத்தது. இணைப்பு திறந்திருக்கிறது, வாங்குவது ஒருவரிடம். விமர்சகர்கள் இதைப் பின்வாங்கலாகப் பார்த்தார்கள். மாறும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரோடு நடப்பது என்று படித்தால், மேலே சொன்ன பேர வலுவின் கணக்குக்கு அது பொருந்தவும் செய்கிறது. எது சரி என்பதைச் சில ஆண்டுகள் கழித்து அவர்கள் உண்மையில் எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்பதுதான் சொல்லும்.

இன்னும் திறந்திருப்பவை

கிடைத்த சான்றுகளை வைத்துச் சில முடிவுகளை ஓரளவு துணிந்து சொல்லலாம். சிறிய குழு நடத்தும் உள்வலையமைப்புக்கு ஒரே நிறுவனம், பொது நெறிமுறைகளோடு, தற்காக்கக்கூடிய தேர்வு. அவசர அழைப்பும் பணப்பட்டுவாடாவும் தங்கியிருக்கும் வலையமைப்புக்கு அது போதாது. ஆனால் அங்கேயும் தொடர்ப் பிரிவு தீர்வாகாது. இணைப் பாதைக்குப் பணமும், இரு மொழிகளிலும் பழகிய ஆட்களும் ஒதுக்கப்படாவிட்டால், இரண்டாவது நிறுவனத்தால் பயன் பேரத்தில் மட்டுமே.

இதற்கு மேல் நிலம் உறுதியாக இல்லை. பொதுவான மேலாண்மை மொழி வந்தால் பன்மையின் இயக்கச் செலவு கரைந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு, 2006இல் நெட்கான்ஃப், 2010இல் யாங், பிறகு கூகுள் முதலியோரின் ஓப்பன்கான்ஃபிக் என வளர்ந்து வந்திருக்கிறது. அடிப்படை வேலைகளுக்கு அது பெருமளவு நிறைவேறியதாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் தனிச் சிறப்பு வசதியைத் தொடும் இடத்தில் பழைய வேறுபாடு திரும்ப வருகிறது. அதோடு, எல்லாக் கருவிகளையும் ஒரே தானியங்கி நிரல் இயக்கினால், ஒரு தவறான கட்டளை இரண்டு நிறுவனப் பாதைகளையும் ஒருசேர வீழ்த்த முடியும். பன்மைக்குச் செலவிட்டதை அது ஒரு நொடியில் பயனற்றதாக்கும். இந்த இடருக்கு அளவு எதுவும் இதுவரை நிலைபெறவில்லை.

நைட்-லெவசன் சோதனை ரவுட்டர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதும் முடிவாகவில்லை. ஒரே தரநிலையை இரு நிறுவனங்கள் தனித்தனியே நிரலாக்கும்போது பிழைகள் எத்தனை பங்கு சேர்ந்து வருகின்றன என்பதை அறிய, முடக்கங்களின் விரிவான பதிவுகள் வேண்டும். ராஜர்ஸ், ஆப்டஸ் போல அரசு வற்புறுத்திய இடங்களில்தான் காரணங்கள் ஓரளவு வெளியே வந்தன. அந்த ஆவணங்களிலும் பல பத்திகள் மறைக்கப்பட்டே வெளியாயின. விமானத் துறையில் விபத்து விசாரணை அறிக்கைகள் பொதுச் சொத்தாக இருப்பதுபோல் தொலைத்தொடர்பிலும் நடந்தால், எந்தப் பிரிவு எந்த முடக்கத்தைத் தடுத்தது என்று அப்போது எண்ணிப் பார்க்க முடியும். அதுவரை இந்தத் துறையில் ஒவ்வொரு கொள்முதல் குழுவும், விற்பவர் தரும் எண்களுக்கும் தன் பொறியாளர்களின் அனுபவத்துக்கும் நடுவேதான் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.